மூணு பெட்டிக்குப் பதில் ரெண்டு பஸ்

கண்டக்டர் வேலையில் டிக்கெட் கொடுப்பது சின்ன வேலை; எங்கேயோ ஒரு ஆபீசில் யாரோ எடுத்த முடிவுக்கு நடுரோட்டில் நின்று திட்டு வாங்குவதுதான் பெரிய வேலை. படியில் ஒரு கால் வைக்க இடம் தேடி அலைந்த அனுபவம் உங்களுக்கும் இருக்கும். இருந்தால் இதைப் படிக்கும்போது கோபம் வரும். வரட்டும். எனக்கு ரிட்டயர் ஆகியும் அடங்கவில்லை.

ஆவடி ஸ்டேஷனிலிருந்து தெற்கே பிரிந்து, பருத்திப்பட்டு ஏரிப் பக்கமாக ஒரு ஒற்றைத் தண்டவாளம் போகும். கம்பெனிகளுக்குச் சரக்கு கொண்டுபோகப் போட்டது. அதிலேயே ஷிஃப்டுக்கு ஷிஃப்ட் ஆட்களை ஏற்றிக்கொண்டு ஒரு குட்டி ரயிலும் ஓடியது. சனங்கள் அதை ‘மூணு பொட்டி’ என்பார்கள். சரக்கெல்லாம் லாரிக்கு மாறியதும், எண்பதுகளின் நடுவில், ஆள் ஏறவில்லை, நஷ்டம் என்று சொல்லி அதையும் நிறுத்திவிட்டார்கள். பதிலுக்கு, கம்பெனிகள் வழியாகப் பூந்தமல்லிக்கு ஒரு பஸ் ரூட். அதில் முதல் நாளிலிருந்து கடைசி நாள் வரை நான் கண்டக்டர். டிரைவர் தயாளன், பூந்தமல்லிக்காரர். இரண்டு பேரும் சேர்ந்து வாங்கிய திட்டில் கொஞ்சத்தை இங்கே இறக்கி வைக்கிறேன்.

வாழைக்கன்று கட்டிய பஸ்

முதல் நாள் ஸ்டேஷன் வாசலில் பந்தல். புது பஸ் இரண்டுக்கும் வாழைக்கன்று கட்டி, சந்தனம் பூசி, மாலை போட்டு நிறுத்தியிருந்தார்கள். மேலிடத்திலிருந்து வந்த அதிகாரி ஒருவர் மைக்கைப் பிடித்து, ரயிலைவிட இது எவ்வளவு வசதி என்று விளக்கிக்கொண்டிருந்தார். இன்னும் நாலு பஸ் கூடிய சீக்கிரம் வரும் என்றார். கை தட்டியவர்கள் எல்லாரும் எங்கள் ஆபீஸ் ஆட்கள்.

அவர் பேசி முடிப்பதற்குள் பட்டணத்துப் பக்கமிருந்து ஒரு மின்சார ரயிலும், திருநின்றவூர் பக்கமிருந்து ஒன்றும் வந்து நின்றன. ஷிஃப்டுக்குப் போகிற சனம் மொத்தமும் படியிறங்கி வந்தது. வாழைக்கன்று எந்தப் பக்கம் போனது என்றே தெரியவில்லை. மாலையில் பாதி என் தோளில் கிடந்தது. ஏற முடியாமல் வெளியே நின்றவர்களில் மாணிக்கம் என்று ஒருவர், ஃபவுண்டரியில் உலை வேலை செய்பவர். நல்ல உயரம், கனத்த குரல். மேடையை ஒரு பார்வை பார்த்தார், என்னை ஒரு பார்வை பார்த்தார். “மூணு பொட்டில போன சனம் ரெண்டு பஸ்ல போவணும்னா, ஒவ்வொருத்தனும் நாலா மடிஞ்சிகினு வரணும்னு அந்த மைக்குலயே சொல்லிடச் சொல்லு கண்டக்டரே” என்றார்.

யார் லேட்டு

ஃபவுண்டரியில் சங்கு ஊதியதும் கேட்டைச் சாத்திவிடுவார்கள். அதற்கப்புறம் போனால் வீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான். ரயில் ஓடிய காலத்திலும் இதே சங்கு, இதே கேட். ஆனால் மூணு பொட்டி தாமதமானால் ஒரு ஷிஃப்டே மொத்தமாகத் தாமதமாக வரும். உலைக்கு ஆள் வேண்டுமே, கேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருப்பார்கள்.

பஸ் வந்த முதல் வாரமே ஒரு லாரி அச்சு முறிந்து ரோட்டுக்குக் குறுக்கே நின்றுவிட்டது. தயாளன் மண்ணில் இறக்கி, முள்ளை உரசிக்கொண்டு ஒரு வழியாக வண்டியைக் கொண்டுவந்து சேர்த்தார். சங்கு ஊதிவிட்டிருந்தது. இறங்கி ஓடியவர்கள் எல்லாரும் சாத்திய கேட்டுக்கு வெளியே நின்றார்கள். எனக்கு மனசு கேட்கவில்லை. நானே இறங்கிப் போய் வாட்ச்மேனிடம், தப்பு எங்கள் வண்டி மேல்தான், இவர்களை உள்ளே விடுங்கள் என்றேன். அவர் திருநெல்வேலிப் பக்கத்து ஆள், பட்டாளத்திலிருந்து வந்தவர். கெட்டவர் இல்லை. அவருக்குச் சொல்லி வைத்திருந்ததைத்தான் என்னிடம் சொன்னார்: “ரயிலு லேட்டுன்னா கம்பெனிக்குத் தெரியும்வே. பஸ்ஸு லேட்டுன்னா, அவன் லேட்டு.”

ஒரு கம்பி

சரோஜா வேப்பம்பட்டிலிருந்து வருவாள். மோட்டாருக்குக் காயில் சுற்றும் கம்பெனியில் வேலை. அதிகம் பேசாத பெண். கையில் டிபன் டப்பாவோடு டிரைவர் சீட்டுக்குப் பின்னால் கம்பியைப் பிடித்து நிற்பாள். ஒரு நாள் ஏரிக்கரைக்கு முன்னால் பளாரென்று சத்தம் கேட்டது. இஸ்திரி போட்ட சட்டை, கையில் தோல் பை, பார்த்தால் ஆபீசர் மாதிரி இருந்த ஒருவனை அவள் அறைந்திருந்தாள். என்ன நடந்தது என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவன் ஒரு வாரமாகவே அந்தக் கம்பிப் பக்கம் நகர்ந்துகொண்டிருந்ததை நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

விசில் அடித்து வண்டியை நிறுத்தி, இறங்குடா என்றேன். அவன் டிக்கெட்டைக் காட்டினான். பின்னாலிருந்து பாதி பஸ் கத்தியது. அவனுக்காக இல்லை, கேட் சாத்திவிடுவார்கள் என்பதற்காக. “போலாம் போலாம், அப்பறம் பேசிக்கலாம்” என்கிறார்கள். தயாளன் இன்ஜினை அணைத்தார். சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, கைகட்டி உட்கார்ந்துவிட்டார். அதற்குமேல் அந்தக் கூட்டமே அவனைத் தள்ளி இறக்கியது. வண்டி கிளம்பிக் கொஞ்ச தூரம் போன பிறகு, சரோஜா யாரையும் பார்க்காமல் சொன்னாள்: “ரயில்ல எங்களுக்குன்னு பாதிப் பொட்டி இருந்திச்சு. இங்க எங்களுக்குன்னு ஒரு கம்பிதான் கீது, அதயும் புடிக்க வுட மாட்றாங்க.”

மெமோ

அந்த ஆள் மனு எழுதிப் போட்டுவிட்டான். டிக்கெட் எடுத்த பயணியை நடுவழியில் இறக்கிவிட்டேனாம், கூட்டத்தைத் தூண்டினேனாம். எனக்கு மெமோ வந்தது. மேலதிகாரி முன்னால் நின்று நடந்ததைச் சொன்னேன். அந்தப் பெண் புகார் கொடுத்தாளா என்று கேட்டார். அதற்கு அவள் ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு, போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய், பத்து ஆம்பளைகள் முன்னால் அதை வாயால் சொல்ல வேண்டும் என்றேன். அவர் மனுவைக் கோப்பில் வைத்து மூடினார். எனக்கு எச்சரிக்கை கொடுத்து அனுப்பும்போது, நல்லது சொல்கிற குரலில் சொன்னார்: “அந்தம்மா எழுதிக் குடுக்கல, அவர் எழுதிக் குடுத்திருக்கார். எழுதினதுதான்யா நடந்தது.”

நின்றுகொண்டே வந்தவர்

மதிய டிரிப்பில் கூட்டம் இருக்காது. அதில் ஒரு பெரியவர் அவ்வப்போது வருவார். கொரட்டூரில் மகன் வீடு, பூந்தமல்லியில் மகள் வீடு. சீட்டெல்லாம் காலியாகக் கிடந்தாலும் உட்கார மாட்டார். தயாளன் பக்கத்தில், கண்ணாடிக்கு நேராக, ரோட்டைப் பார்த்தபடி நிற்பார். பிரேக் போட்டால் விழுந்துவிடப் போகிறார் என்று தயாளனுக்கு பயம். “உக்காருங்க பெரீவரே” என்று ஒரு நாள் கொஞ்சம் கோபமாகவே சொல்லிவிட்டார்.

பெரியவர் சிரித்தார். பட்டணத்தில் டிராம் ஓட்டியவராம். டிராமில் டிரைவருக்கு சீட் கிடையாது, நின்றுகொண்டேதான் ஓட்ட வேண்டும், அந்தப் பழக்கம் என்றார். டிராம் நின்றபோது கைக்குழந்தையோடு தெருவில் நின்றதையும் அதே குரலில் சொன்னார். அதற்கப்புறம் மூட்டை தூக்கியிருக்கிறார், ஒரு அச்சகத்தில் இருந்திருக்கிறார், எதிலும் ஒட்டவில்லை. எங்கள் ரயில் கதையைத் தயாளன் சொன்னார். உங்களுக்கு டிராம் போயிற்று, எங்களுக்குப் பரவாயில்லை, பஸ்ஸாவது இருக்கிறது என்றார். பெரியவர் ரோட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “என் வண்டிய எடுக்கறதுக்கு ரோட்டயே பேத்தெடுக்க வேண்டியிருந்திச்சு தம்பி. உன் வண்டிய எடுக்கறதுக்கு ஒரு சாவி போதும்.”

ஏரி நிரம்பிய வாரம்

ஐப்பசியில் விடாமல் மழை. ஏரி நிரம்பி ரோட்டுக்கு வந்துவிட்டது. மூணு பொட்டி காலத்தில் இது யாருக்கும் ஒரு சேதியே இல்லை, தண்டவாளம் உயரமான மண்மேட்டின் மேல் போகும். ரோடு பள்ளத்தில் போகிறது. டிப்போவில் சொன்னோம். போய்ப் பாருங்கள் என்றார்கள். போய்ப் பார்த்தோம். தண்ணீர் படிக்கு மேல் ஏறி, இன்ஜின் இருமிவிட்டு நின்றது.

பக்கத்திலேயே அந்த மண்மேடு. மேலே தண்டவாளம் துருவேறி, சொட்டுத் தண்ணீர் நிற்காமல் கிடக்கிறது. மாணிக்கம்தான் முதலில் இறங்கினார். இடுப்பளவுத் தண்ணீரில் நின்றுகொண்டு ஒவ்வொரு பெண்ணாகக் கைபிடித்து மேட்டில் ஏற்றிவிட்டார். டிபன் டப்பாவைத் தலையில் வைத்துக்கொண்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, ஒரு பஸ் சனமும் தண்டவாளத்தின் மேல் வரிசையாக நடந்து வேலைக்குப் போனது. நானும் தயாளனும் தண்ணீருக்குள் நின்ற வண்டியில் உட்கார்ந்து அதைப் பார்த்தோம். பெயின்ட் கம்பெனிக்குப் போகும் அம்மா ஒருத்தி மேலே ஏறியதும் நின்று, புடவையைப் பிழிந்தபடி எங்களைப் பார்த்துக் கேட்டாள்: “காஞ்சி கெடக்குற பாதைல வண்டி இல்ல, வண்டி கீற பாதைல தண்ணி. இத யாருய்யா யோசிச்சது?”

படி

சொன்ன நாலு பஸ் வரவே இல்லை. இருந்த இரண்டில் ஒன்றை எங்கேயோ திருவிழா ஸ்பெஷலுக்கு என்று கொண்டுபோனார்கள். திருவிழா முடிந்தது, சாமி மலையேறிவிட்டது, பஸ் திரும்பவில்லை. டிப்போவில் கேட்டால் இன்று, நாளை என்றார்கள். அதுவரை இரண்டு பஸ்ஸில் தொங்கிய சனம் ஒரே பஸ்ஸில் தொங்கியது. படியில் ஆள் நின்றால் விசில் அடிக்கக் கூடாது என்பது சட்டம். அந்தச் சட்டப்படி நடந்தால் என் வண்டி ஆவடியை விட்டு ஒரு நாளும் கிளம்பியிருக்காது.

ஒரு காலை ஷிஃப்டில், கம்பி ஏற்றிய லாரி ஒன்று எதிரே வந்தது. கம்பி பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருந்தது. தயாளன் ஸ்டியரிங்கை ஒடித்தார். லாரி தப்பியது, ரோட்டோரக் கம்பம் தப்பவில்லை. பின்படியில் தொங்கிய மாணிக்கம் கீழே கிடந்தார். வலது கால் பார்க்கிற நிலையில் இல்லை. ஆள்களை இறக்கவில்லை, ஸ்டாப்பில் நிற்கவில்லை. அத்தனை பேரோடும் வண்டியை நேராக ஆஸ்பத்திரிக்கு விட்டார் தயாளன். அன்றைக்கு ஒருவர்கூடக் கேட் சாத்திவிடுவார்கள் என்று சொல்லவில்லை. மாணிக்கத்தின் தலை சரோஜாவின் மடியில் இருந்தது. அவர் முகத்தை முந்தானையால் விசிறிக்கொண்டே வந்தாள்.

முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். நாலைந்து நாளில், மயக்கம் தெளிந்து பேச ஆரம்பித்ததும், வாக்குமூலம் வாங்க எங்கள் ஆபீசிலிருந்து ஒருவர் வந்தார். நானும் தயாளனும் கட்டிலுக்கு அந்தப் பக்கம் நின்றோம். நீங்களாகத்தானே படியில் ஏறினீர்கள், கண்டக்டர் தடுத்தும் ஏறினீர்களா, தடுக்கவில்லையா என்று கேட்டார். எந்தப் பதில் வந்தாலும் ஒன்று அவர் தலையில் விழும், இல்லை என் தலையில் விழும். மாணிக்கம் முழங்கையை ஊன்றி நிமிர்ந்தார். பிறகு சொன்னார்: “படியில ஏறினது நானு. வெறும் படிய மட்டும் அனுப்பினது நீங்க. அதயும் சேத்து எழுதிக்க.”

தார் ரோட்டில் உட்கார்ந்தவர்கள்

அதை எழுதிக்கொண்டதாகத் தெரியவில்லை. என்னையும் தயாளனையும் சஸ்பெண்ட் செய்தார்கள். வேறு ஒரு ஜோடியைப் போட்டு அதே ஒற்றை பஸ்ஸை ஓட்டினார்கள். இரண்டாம் நாள் காலையில் காயில் கம்பெனிப் பெண்கள் ஸ்டேஷன் வாசல் ரோட்டில் உட்கார்ந்துவிட்டார்கள். முன்னால் சரோஜா. பஸ் நின்றது, லாரிகள் நின்றன, பூந்தமல்லி வரைக்கும் அடைத்துக்கொண்டது என்றார்கள். நாங்கள் இரண்டு பேரும் டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். பக்கத்தில் போனால் தூண்டிவிட்டதாக எழுதுவார்கள். கையில் கிளாசோடு, குடிக்காமல் உட்கார்ந்திருந்தோம்.

ஜீப் வந்தது. பந்தலில் மைக் பிடித்த அதே அதிகாரி இறங்கினார். முதலில் அதட்டினார். அப்புறம் கெஞ்சினார். பொம்பளைகள் இப்படி ரோட்டில் உட்காரலாமா, ரயில் ஓடின காலத்தில் எவ்வளவு ஒழுங்காக இருந்தீர்கள் என்றார். சரோஜா எழுந்திருக்கவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே நிமிர்ந்து பார்த்துச் சொன்னாள்: “ரயில எடுத்தப்பவே உக்காந்திருக்கணும் சார். நீங்க பஸ்ஸு வரும்னீங்க, நம்பிட்டு ஊட்டுக்குப் போய்ட்டோம்.”

கேட்டில் மாணிக்கம்

அந்த மறியலுக்குப் பிறகு இரண்டாவது பஸ்ஸும், கொசுறாக ஒரு பழைய மூன்றாவதும் வந்தன. எங்களையும் திரும்ப எடுத்தார்கள். மாணிக்கத்துக்கு உலை வேலை போய்விட்டது. ஃபவுண்டரி ஆட்கள் ஒரு நாள் வேலையை நிறுத்திய பிறகு, கேட்டில் வாட்ச்மேனுக்குத் துணையாக ஒரு ஸ்டூல் போட்டு உட்காரவைத்தார்கள். கட்டைக்காலும் ஊன்றுகோலுமாக அங்கே உட்கார்ந்திருப்பார். அவருக்குச் சொல்லிக்கொடுத்த வேலை, லேட்டாக வருகிறவனை நிறுத்திக் காரணம் கேட்பது. ஒரு நாள் எங்கள் வண்டி தாமதமானபோது, ஓடி வந்த ஒருவன் மூச்சு வாங்க, பஸ் லேட்டு என்று ஆரம்பித்தான். மாணிக்கம் ஊன்றுகோலால் கேட்டைத் தள்ளித் திறந்தபடி சொன்னார்: “நான் கேட்டனா உன்ன? உள்ள போ.”

ரயிலடி நகர்

தொண்ணூறு பிறந்ததும் கேஸ் கட்டரோடு ஆட்கள் வந்து தண்டவாளத்தைத் துண்டு போட ஆரம்பித்தார்கள். பஸ் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் ஜன்னலோரம் இருந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்ப்பார்கள். லாரி லாரியாக இரும்பு போனது. பிறகு மண்மேட்டையே வெட்டினார்கள். அந்த மண்ணை வைத்துப் பள்ளத்தை நிரப்பி, கல் நட்டு, வெள்ளை அடித்து, ‘ரயிலடி நகர்’ என்று போர்டு வைத்தார்கள்.

மனை புரோக்கர் ஒருவன் எங்கள் பஸ்ஸிலேயே ஏறி நோட்டீஸ் கொடுத்தான். ரயில் நிலையம் நடந்து போகும் தூரத்தில் என்று கொட்டை எழுத்தில் இருந்தது. எந்த ரயில் நிலையம், காட்டு பார்க்கலாம், இங்கே மூணு பொட்டி நின்ற ஸ்டேஷனைப் பெயர்த்துத்தானே நீ கல் நட்டிருக்கிறாய் என்று எல்லார் முன்னாலும் கேட்டேன். வாயில் பாக்கை ஒதுக்கிக்கொண்டு, அவன் கோபமே இல்லாமல் பதில் சொன்னான்: “ரயில் நிலையம் இருந்த எடம்னுதான் எழுதிக் குட்தேன் அண்ணாத்தே. ‘இருந்த’ன்றத அச்சாபீஸ்ல வுட்டுட்டானுங்க.”

கூட்டம் இல்லையாம்

மூன்றாவது பஸ் ரிப்பேருக்குப் போனது, வரவில்லை. டிரிப்பைக் குறைத்தார்கள். காத்திருக்க முடியாதவர்கள் வேனில் ஏறினார்கள். வேனில் ஏறியதால் பஸ்ஸில் கூட்டம் குறைந்தது. கூட்டம் குறைந்ததால் இன்னும் டிரிப்பைக் குறைத்தார்கள். கடைசியில் ரூட் தேவையா என்று பார்க்க ஒருவரை அனுப்பினார்கள். அவர் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு வந்தார். சனமெல்லாம் கம்பெனிக்குள் இருக்கிற நேரம். காலையில் வந்து பாருங்கள் சார் என்று தயாளன் சொன்னார். காலையில் வேறு ரூட் பார்க்கணும் என்று சொல்லிவிட்டு, காலி சீட்டுகளைப் பார்த்துக்கொண்டே பூந்தமல்லி வரை போய் இறங்கிக்கொண்டார்.

கடைசி நாள் சாயங்கால டிரிப்பில் சரோஜா ஏறினாள். நெற்றி ஓரத்தில் நரைத்திருந்தது. மறுநாளிலிருந்து வண்டி இல்லை என்று நான்தான் சொன்னேன். ஏன் என்றாள். கூட்டம் இல்லையாம் என்றேன். அந்த வார்த்தையையும் கண்டக்டர் சொல்லாமல் யார் சொல்வது. வண்டியில் நிற்க இடமில்லை. அவள் தோளுக்கு மேல் நாலு கை, என் முதுகில் இரண்டு டிபன் டப்பா. சரோஜா திரும்பி அத்தனை முகத்தையும் ஒரு தரம் பார்த்தாள். “மொதல்ல ரயில்ல ஆளு இல்லன்னாங்க, இப்ப பஸ்ல ஆளு இல்லன்றாங்க. அப்ப இம்மாங் காலமா வேலைக்குப் போய்கினு வந்துகினு இருந்தது இன்னா, பேயாண்ணே?”

ரயிலை எடுத்தவர்கள் பஸ் வரும் என்று ஒரு பொய்யாவது சொன்னார்கள். பஸ்ஸை எடுத்தவர்களுக்கு எங்களிடம் பொய் சொல்லக்கூட நேரம் இருக்கவில்லை.